செஞ்சி: எட்டாண்டு முற்றுகையும் ஒரு நாள் போரும்

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குச் செல்வோரில் பெரும்பாலோர் கோட்டையை நோக்கியே விரைவதால், நேர்சாலைக்கு மேற்கே ஒதுங்கியிருக்கும் பனமலையை அவர்கள் காண்பதில்லை. ஏரிக்கு அருகே எழும் அந்தச் சிறு பாறைக் குன்றின் மேல், காஞ்சிக் கைலாசநாதர் கோயிலையும் மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலையும் எடுப்பித்த இரண்டாம் நரசிம்மவர்மன், அதாவது இராஜசிம்மன் என்ற பெயரால் நன்கு அறியப்பட்ட பல்லவ மன்னன், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய தாளகிரீசுவரர் கோயில் நிற்கிறது. அதன் துணைச் சன்னிதிகளுள் ஒன்றின் சுவரில், இறைவனின் ஆடலைக் கண்டபடி ஒரு காலை மடித்து, தலைமேல் குடை கவிய நிற்கும் உமையின் ஓவியம், வண்ணம் பெரிதும் உதிர்ந்த நிலையிலும் கோடுகளின் உறுதி குன்றாமல் எஞ்சியிருக்கிறது. தமிழ்நாட்டில் இன்று காணக்கிடைக்கும் பல்லவர் ஓவியங்களுள் இதற்கு ஈடானவை மிகச் சிலவே.

குன்றின் மேல் நின்று பார்ப்பவருக்கு இந்நிலப்பகுதியின் இயல்பு ஒரே பார்வையில் விளங்கிவிடுகிறது: ஏரிப் பாசன வயல்களும் பனை வரிசைகளும் பரவிய சமவெளியில், முன்னறிவிப்பு ஏதுமின்றிக் கருங்கற் குன்றுகள் ஆங்காங்கே தலைதூக்கி நிற்கின்றன. இந்தப் பாறையை முதலில் கண்டுகொண்டவர்கள் பல்லவர்கள். இங்கிருந்து வெகு தொலைவில் இல்லாத மண்டகப்பட்டில் முதலாம் மகேந்திரவர்மன், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய எதுவுமின்றிக் கோயில் அமைத்ததாகக் கல்வெட்டிலேயே பெருமிதம் கொண்டான். அவர்களுக்குப் பாறை கோயிலாயிற்று. சில நூற்றாண்டுகள் கழித்து, வடக்கே இருபது கிலோமீட்டருக்குச் சற்று முன்பின்னான தொலைவில், அதே வகைப் பாறை மதிலாயிற்று. பனமலையைப் பார்த்தபின் செஞ்சிக்குச் செல்லும் பயணி, கோட்டை கட்டியவர்கள் மலைகளை இணைத்ததைத் தவிரப் பெரிதாக எதையும் செய்யத் தேவையிருக்கவில்லை என்று கருதினால், அது முழுதும் சரியன்று என்றாலும் பெருமளவு உண்மையே.

செஞ்சிக் கோட்டை என்பது தனியொரு கோட்டையன்று. மேற்கே இராஜகிரி, வடக்கே கிருஷ்ணகிரி, தென்கிழக்கே சந்திரகிரி எனப்படும் சந்திராயன் துர்க்கம் ஆகிய மூன்று மலைகளும் தத்தமக்கெனத் தனிக் காவல் கொண்டவை. அவற்றை முக்கோண வடிவில் இணைக்கும் மதில்களின் நீளம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். சமவெளிப் பகுதியில் இம்மதிலுக்கு வெளியே ஏறத்தாழ 80 அடி அகல அகழி ஓடியது. வேலூர் வாசல், புதுச்சேரி வாசல் என்று இன்றும் வழங்கும் இரு பெருவாயில்களும் எத்திசைப் போக்குவரத்துக்கு உரியவை என்பதைத் தம் பெயராலேயே காட்டுகின்றன. திருவண்ணாமலைக்குச் செல்லும் இன்றைய சாலை, மதிலை ஊடறுத்துக்கொண்டு இராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே செல்வதால், பேருந்தில் அமர்ந்திருப்பவர்கள் தாம் ஒரு கோட்டைக்குள் நுழைந்து வெளியேறிவிட்டதை அறியாமலே கடந்துபோகிறார்கள்.

கோட்டையின் தொடக்கத்தை ஆனந்தக் கோன் என்ற இடையர் தலைவனோடு இணைத்து, 1200-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தைச் சொல்வது மரபு. பின்னர் விசயநகர அரசின் கீழ் ஆண்ட செஞ்சி நாயக்கர்கள் நெற்களஞ்சியங்களையும் குளங்களையும் வேங்கடரமணர் கோயிலையும் கட்டினர். 1597-இல் இங்கு வந்த இயேசு சபைத் துறவி பிமெந்தா, லிஸ்பனை விட்டால் போர்ச்சுகலில் இதற்கு நிகரான நகர் இல்லை என்ற பொருள்பட எழுதிவைத்தார். 1649 வாக்கில் பீஜப்பூர் சுல்தானின் கையில் விழுந்த கோட்டையை 1677-இல் மராட்டிய மன்னர் சிவாஜி கைப்பற்றி, பழைய மதில்களில் ஒரு பகுதியை இடித்துவிட்டுப் புதிய மதில்களையும் அகழிகளையும் அமைத்தார். தலைநகரான ராய்கட்டிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்த ஒரு கோட்டைக்கு இத்தனை செலவு எதற்கு என்று அன்று கேட்டவர்கள் இருந்திருக்கக்கூடும். பன்னிரண்டே ஆண்டுகளில் அதற்கான விடை கிடைத்துவிட்டது.

1689 மார்ச்சில் சிவாஜியின் மகன் சம்பாஜியை முகலாயப் பேரரசர் ஔரங்கசீப் கொன்றார். அவ்வாண்டின் இறுதிக்குள் ராய்கட் வீழ்ந்து, சம்பாஜியின் மனைவி யேசுபாயும் அவர்களின் சிறு மகன் ஷாகுவும் முகலாயரின் கைதிகளாயினர். அரச குலத்தில் எஞ்சியிருந்த இராஜாராம், சிவாஜியின் இளைய மகன், பன்ஹாளாக் கோட்டையிலிருந்து மாறுவேடத்தில் தப்பி, வழியில் கெளதி அரசி சென்னம்மாவின் ஆதரவைப் பெற்று, செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். மராட்டிய நிலத்தை ராமச்சந்திர பந்த் அமாத்தியர் பொறுப்பில் விட்டுவிட்டு, அரசவையையும் முத்திரையையும் தமிழ் நிலத்துக் குன்றின் மேல் நிறுவிய இம்முடிவு, இந்தியப் போர் வரலாற்றில் அதிகம் பேசப்படாத துணிவான முடிவுகளுள் ஒன்று.

இதற்கு இணையான நிகழ்வைத் தேடுவோர் கிரேக்கத்துக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. கி.மு. 480-இல் பாரசீகப் பேரரசர் செர்க்சிஸ், ஆசியாவையும் ஐரோப்பாவையும் பிரிக்கும் கடற்காலின் மேல் படகுகளைக் கோத்துப் பாலமிட்டுப் பெரும்படையுடன் வந்தபோது, ஏதென்ஸ் நகரத்தார் தெமிஸ்டோக்ளிஸ் என்ற தலைவரின் சொல்லை ஏற்று, நகரையும் கோயில்களையும் பகைவனுக்கு விட்டுவிட்டு, குடும்பங்களை அக்கரைக்கு அனுப்பிக் கப்பல்களில் ஏறினர். பாரசீகர் நகரைக் கொளுத்தினர். ஆனால் சலாமிஸ் நீரிணையில் நிகழ்ந்த கடற்போரில் தம் கப்பல்களில் பலவற்றை இழந்து தோற்றனர். மண் போனாலும் அரசு போகவில்லை என்ற அந்தக் கணக்கையே, கிரேக்கம் என்ற பெயரைக்கூடக் கேட்டிராத மராட்டிய அமைச்சர்களும் போட்டனர். கப்பல்களுக்குப் பதிலாக அவர்களுக்குக் குதிரைகளும், சலாமிசுக்குப் பதிலாகச் செஞ்சியும் இருந்தன. ஒப்பீடு இத்துடன் நின்றுவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும்: ஏதென்ஸ் காத்தது குடிமக்கள் கூடி முடிவெடுத்த ஒரு நகர அரசை, இராஜாராம் காத்தது ஓர் அரச குலத்தின் உரிமையை. தென்னார்க்காட்டு உழவனுக்கு இரு தரப்பும் வெளியூர்ப் படைகளே. இருவரது குதிரைகளும் அவன் வயலில்தான் மேய்ந்தன.

முற்றுகையைத் தொடங்கியவர், ராய்கட்டைக் கைப்பற்றிப் புகழ்பெற்றிருந்த முகலாயத் தளபதி சுல்பிகர் கான். 1690-இல் செஞ்சியை அடைந்த அவருக்கு உடனே புரிந்தது, இக்கோட்டையைச் சுற்றி வளைக்கவே தம் படை போதாது என்பது. மூன்று மலைகளையும் அவற்றைச் சூழ்ந்த காடுகளையும் முழுமையாக அடைக்க வேண்டுமெனில் மதிலின் நீளத்தைவிடப் பலமடங்கு நீண்ட வளையம் தேவை; வளையத்தில் இடைவெளி இருக்கும்வரை இரவில் நெல்லும் ஆட்களும் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். இராஜகிரியில் ஏறிப் பார்ப்பவர் இதைத் தாமே உணரலாம். ஏறத்தாழ 800 அடி உயரமுள்ள அம்மலையின் பாதை, அடுத்தடுத்த வாயில்களைக் கடந்து, கமலக்கண்ணி அம்மன் கோயிலைத் தாண்டி, உச்சிக்குச் சற்று முன்னே ஒரு பாறைப் பிளவில் வந்து முடிகிறது. ஏறத்தாழ 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் கொண்ட அப்பிளவின் மேல் ஒரு மரப்பாலம் மட்டுமே இருந்தது. பாலத்தை எடுத்துவிட்டால் உச்சிக்கு வேறு வழியில்லை. மேலே களஞ்சியமும் மருந்துக் கிடங்கும் அரங்கநாதர் கோயிலும், வற்றாத சுனையும் இருக்கின்றன. பத்துப் பன்னிரண்டு பேர் நின்றால் ஒரு படையை இந்தப் பிளவில் நிறுத்திவிடலாம் என்று காவலர்கள் இன்றும் பயணிகளிடம் சொல்வதில் மிகையில்லை.

தெர்மோபிலே என்ற கணவாயும் இத்தகையதே. மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய அவ்விடத்தில், ஸ்பார்ட்டா அரசர் லியோனிடாஸ் 300 ஸ்பார்ட்டரையும் மற்ற நகரங்களின் சில ஆயிரம் வீரரையும் கொண்டு செர்க்சிசின் அதே பாரசீகப் படையை மூன்று நாள் தடுத்தார். எஃபியால்டிஸ் என்ற உள்ளூர்க்காரன் மலைவழி ஒற்றையடிப் பாதையைப் பகைவருக்குக் காட்டிக்கொடுத்த பின்னரே அக்காவல் உடைந்தது. செஞ்சியில் அப்படி ஒரு பின்வழி கிடையாது. ஆனால் மனிதர் விலைபோவது எல்லா ஊருக்கும் பொது. சுற்றுவட்டாரப் பாளையக்காரர்கள், அதாவது சிறுபடை வைத்து வரி தண்டிய உள்ளூர்த் தலைவர்கள், காற்றடிக்கும் பக்கம் சாய்ந்தனர். தீப்ஸ் போன்ற கிரேக்க நகரங்கள் பாரசீகரோடு சேர்ந்துகொண்டதைப் போல, ஒரே ஆண்டில் இரு தரப்பிலும் நின்றவர்கள் இங்கும் உண்டு.

1691-இன் இறுதியில் ஔரங்கசீப்பின் இளைய மகன் காம் பக்ஷும், பேரரசின் முதலமைச்சரும் சுல்பிகர் கானின் தந்தையுமான அசத் கானும் துணைப்படையுடன் வந்து சேர்ந்தனர். படை பெருகியது, ஒற்றுமை குறைந்தது. 1692 டிசம்பரில் சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் ஆகிய இரு மராட்டியக் குதிரைப்படைத் தலைவர்கள் வடக்கிலிருந்து விரைந்து வந்து, காஞ்சிபுரத்தின் முகலாயப் படை அதிகாரி அலி மர்தான் கானைத் தோற்கடித்துச் சிறைப்பிடித்தனர். உணவும் செய்தியும் வரும் வழிகள் அடைபட, முற்றுகையிட்டவர்களே முற்றுகையில் சிக்கினர். ஔரங்கசீப் இறந்துவிட்டார் என்ற பொய்ச் செய்தி பாசறையில் பரவியபோது, அரியணைப் போட்டியில் உயிர் தப்புவது எப்படி என்று அஞ்சிய காம் பக்ஷ் மறைமுகமாக இராஜாராமுடனேயே பேசத் தொடங்கினார். அதை அறிந்த அசத் கானும் அவர் மகனும் இளவரசரைக் காவலில் வைத்துவிட்டு, பெரும் பீரங்கிகளைக் கைவிட்டு, 1693 ஜனவரியில் வந்தவாசிக்குப் பின்வாங்கினர். பேரரசரின் மகனைப் பேரரசரின் அமைச்சரே சிறைவைக்க நேர்ந்த அந்த வாரங்களைவிடச் செஞ்சிக் கோட்டைக்குப் பெரிய வெற்றி எதுவும் கிட்டியதில்லை. இப்பகை அங்கே முடியவும் இல்லை: 1709-இல் ஐதராபாத் அருகே தம் அண்ணனின் படையோடு பொருது காயமுற்றுக் காம் பக்ஷ் இறந்தபோது, எதிரணித் தளபதிகளுள் ஒருவராக இருந்தவர் இதே சுல்பிகர் கான்.

போருக்குப் பணம் வேண்டும். செஞ்சியின் பணக்கதை மதில்களில் இல்லை, கடற்கரையில் இருக்கிறது. கடலூர் அருகே தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690-இல் ஆங்கிலேயக் கம்பெனி இராஜாராமிடமிருந்து விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு விழுந்த எல்லைவரை உள்ள ஊர்களும் சேர்த்தியென்று ஒப்பந்தமாகி, அவ்வூர்கள் குண்டு கிராமங்கள் எனப் பெயர்பெற்றன. அதே கம்பெனி, முகலாயர் தரப்பிடமிருந்து 1693-இல் எழும்பூர், புரசைவாக்கம், தொண்டையார்பேட்டை ஆகிய ஊர்களின் உரிமையையும் பெற்றுக்கொண்டது. புதுச்சேரி அவ்வாண்டே பிரெஞ்சுக்காரரிடமிருந்து டச்சுக்காரர் கைக்கு மாறியது. செஞ்சி மலைமேல் இரு இந்தியப் பேரரசுகள் மோதிக்கொண்டிருந்த ஆண்டுகளில், இன்றைய சென்னையின் எல்லை சத்தமில்லாமல் விரிந்தது என்பதை நகர வரலாறு எழுதுவோர் போதிய அளவு கவனிப்பதில்லை.

வந்தவாசியிலிருந்தபடி தஞ்சை மராட்டிய மன்னர் ஷாஜியிடம் திறை வாங்கிய சுல்பிகர் கான், ஆண்டுகள் பலவற்றைக் கடத்தினார். அவர் வேண்டுமென்றே போரை நீட்டினார் என்ற ஐயம் அக்காலத்திலேயே எழுந்தது: முதிய பேரரசர் இறக்கும்வரை தக்காணத்தில் தனிப் படையுடன் இருப்பது எந்தத் தளபதிக்கும் ஆதாயமே. ஔரங்கசீப்பின் நெருக்குதலால் 1697-இன் இறுதியில் முற்றுகை மீண்டும் இறுகி, 1698-இன் தொடக்கத்தில் கோட்டை வீழ்ந்தது. ஆனால் அதற்கு முன்னரே இராஜாராம் வேலூர் வழியாகத் தப்பி மராட்டிய நிலத்தை அடைந்துவிட்டார். அவரைத் தப்பவிட்டதும் தளபதியின் உடன்பாட்டோடுதான் என்று பேசப்பட்டது. நுஸ்ரத் ஜங் என்ற தம் பட்டப்பெயரை வைத்துக் கோட்டைக்கு நுஸ்ரத்கட் எனச் சுல்பிகர் கான் பெயரிட்டார். அப்பெயர் ஊரில் ஒட்டவில்லை. 1700-இல் இராஜாராம் இறந்த பிறகும் அவர் மனைவி தாராபாயின் தலைமையில் போர் தொடர, 1707-இல் ஔரங்கசீப் தக்காணத்திலேயே இறந்தார். கோட்டையை இழந்தவர்கள் அரசைக் காத்துக்கொண்டனர். அதை வென்ற பேரரசு தன் படையையும் கருவூலத்தையும் ஏறத்தாழ எட்டாண்டுக் காலம் அந்தப் பாறைகளின் அடியில் கரைத்திருந்தது.

இவ்வளவும் தெரியவருவது எவ்வாறு என்பதும் கவனத்துக்குரியது. கிரேக்க–பாரசீகப் போரை உலகம் அறிவது, காத்தவர் தரப்பில் நின்று ஹெரோடோட்டஸ் எழுதிய வரலாற்றால். பாரசீகர் தரப்பில் அப்போரை விவரிக்கும் வரலாற்று நூல் ஒன்றும் எஞ்சவில்லை. செஞ்சியில் நிலை பெரும்பாலும் தலைகீழ். முற்றுகையைக் கண்ணால் கண்டு விரிவாக எழுதியவர், முகலாயப் பாசறையில் தல்பத் ராவ் புந்தேலா என்ற படைத்தலைவரிடம் பணியாற்றிய பீம்சேன் சக்சேனா. அவரது பாரசீக மொழி நூலான நுஸ்கா இ தில்குஷா, தோற்கவும் மாட்டாமல் வெல்லவும் மாட்டாமல் தவித்த ஒரு படையின் சலிப்பை, வெற்றிப் பெருமிதம் பேசும் அரசவைக் குறிப்புகளைவிட நேர்மையாகக் காட்டுகிறது. புதுச்சேரியிலிருந்த பிரெஞ்சு நிருவாகி பிரான்சுவா மார்த்தேனின் குறிப்புகள் அதற்குத் துணை. தமிழில் எழுந்த முற்றுகைப் பாட்டு எதுவும் நாட்டார் வழக்கில் நிலைபெறவில்லை.

நிலைபெற்றது வேறொரு போரின் பாட்டு. முகலாயர் செஞ்சியின் கிலேதாராக, அதாவது கோட்டைப் பொறுப்பாளராக, புந்தேல்கண்டைச் சேர்ந்த சொரூப் சிங்கை அமர்த்தினர். 1714-இல் அவர் இறந்ததும் மகன் தேஜ் சிங், தமிழர் நாவில் தேசிங்கு, பொறுப்பேற்று, ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கான் கேட்ட நிலுவைத் தொகையைக் கட்ட மறுத்தார். இருபதுகளின் தொடக்கத்திலிருந்த அவ்விளைஞர், 1714 அக்டோபர் 3-ஆம் நாள், சில நூறு குதிரை வீரர்களுடன் நவாபின் பெரும்படையைத் திறந்த வெளியில் எதிர்த்து மாண்டார். எட்டாண்டு தாங்கிய மதில்களைப் பின்னே விட்டுவிட்டு வெளியே வந்து சண்டையிட்டது போர்முறைப்படி அறிவின்மை. பாட்டுமுறைப்படி அதைவிடச் சிறந்த முடிவு கிடையாது. நண்பன் மகபத்கான் திருமணக் கோலத்தைக் களைந்துவிட்டுக் களத்துக்கு வந்ததையும், மனைவி உடன்கட்டை ஏறியதையும், குதிரையின் பாய்ச்சலையும் தேசிங்குராஜன் கதை பல தலைமுறைகளாகத் தெருக்கூத்திலும் பெரிய எழுத்துப் புத்தகங்களிலும் சொல்லிவந்திருக்கிறது. ராணிப்பேட்டை என்ற ஊர்ப்பெயர் அந்த இளம் மனைவியின் நினைவாக நவாப் வைத்தது என்பது வழிவழிச் செய்தி.

மூன்று நாள் நின்று மடிந்த லியோனிடாசின் பெயர், போரின் போக்கையே மாற்றிய தெமிஸ்டோக்ளிசின் பெயரைவிடப் பரவலாகத் தெரிந்திருப்பதும் இந்த வகையைச் சேர்ந்ததே. தப்பித்துப் பிழைத்து வெல்பவனைப் பாடுவது கடினம். பேரம், பணம், காத்திருப்பு, மாறுவேடம் ஆகியவை பாட்டுக்குள் எளிதில் அடங்குவதில்லை. தேசிங்கு முகலாயர் அமர்த்திய அதிகாரியின் மகன் என்பதோ, சண்டை நிலுவை வரியைப் பற்றியது என்பதோ, அவருக்காக உயிர் கொடுத்த நண்பன் ஓர் இசுலாமியன் என்பதோ, பாடுவோருக்கும் கேட்போருக்கும் இடையூறாக இருக்கவில்லை. சமய வேலிகளை நட விரும்புவோர் செஞ்சிக் கதையைக் கையிலெடுக்கும்போதெல்லாம் இடறி விழுவது மகபத்கானின் மேல்தான். நீலாம்பூண்டியில் அவன் அடங்கிய இடமும், கடலிப் பக்கம் போர் நடந்த வெளியும், செஞ்சிக்கு வருவோர் சற்று முயன்றால் காணக்கூடியவை.

பின்வந்த வரலாற்றை விரைந்து கடக்கலாம். 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் கோட்டையைப் பிடித்தார். பாறையின் வலிமை உள்ளே நிற்பவரின் மனவுறுதிக்கு மேல் ஓர் அங்குலமும் உயர்வதில்லை என்பதற்கு அவ்விரவே சான்று. 1761-இல் ஆங்கிலேயரும் 1780-இல் ஐதர் அலியின் படையும் கைப்பற்றினர். வேங்கடரமணர் கோயிலின் சிற்பத் தூண்கள் சிலவற்றைப் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரிக்குக் கொண்டுசென்றனர். அங்குக் கடற்கரைச் சாலையில் காந்தி சிலையைச் சூழ்ந்து நிற்கும் உயர்ந்த தூண்கள் செஞ்சியுடையவை என்பது அவற்றினடியில் படம் எடுத்துக்கொள்வோரில் பலருக்குத் தெரியாது.

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியப் படைத்துறை நிலவமைப்புகள் என்ற தலைப்பில் பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் பதினொன்று மகாராட்டிரத்தில் உள்ளன, பன்னிரண்டாவது செஞ்சி. இராஜாராமின் ஆண்டுகளுக்குக் கிடைத்த இந்த ஏற்பு தகுதியானதே. நாயக்கரும் கோனாரும் கட்டிய பகுதிகளை மராட்டியம் என்ற ஒரே சொல்லில் அடக்குவது பற்றி முணுமுணுப்பு எழுந்ததும் இயல்பே. ஊராருக்கோ இவ்விரண்டும் பொருட்டில்லை. பல அடுக்குக் கூம்புவிமானம் போல உயரும் நாயக்கர் காலத்துக் கல்யாண மகாலைக் காட்டி அது தேசிங்கின் அரண்மனை என்கிறார்கள். செட்டிக்குளத்து மேடையைக் காட்டி அவர் எரியூட்டப்பட்ட இடம் என்கிறார்கள். களஞ்சியம், குதிரைலாயம், பீரங்கி எல்லாமே அவருடையவை. இராஜாராம் ஏறத்தாழ எட்டாண்டு அரசு நடத்திய இடம் எது என்று கேட்டால் பதில் வருவதில்லை. சில மாதங்களே பொறுப்பிலிருந்த தேசிங்கின் குதிரை எந்தப் பாறையிலிருந்து எந்தப் பாறைக்குத் தாவியது என்பதைச் சிறுவர்கள்கூடக் கைநீட்டிக் காட்டுகிறார்கள்.